நெடுநிழல் கழகத்தின் முதல் கிளெய்ம்

வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்களுக்கு ஏற்கெனவே ஒரு காப்பீடு உண்டு. ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருக்கும்வரை அது ராஜ உபசாரம் செய்யும். கட்டிலை விட்டு இறங்கி வாசலைத் தாண்டிவிட்டால் நீ யாரோ, நான் யாரோ என்று முகத்தைத் திருப்பிக்கொள்ளும். மனிதர்களோ பெரும்பாலும் வீட்டில் வைத்துத்தான் கிழடாகித் தொலைக்கிறார்கள். குளியலறையில் வழுக்குவதும், சட்டைக்குள் கை நுழையாமல் நிற்பதும், கட்டிலிலிருந்து எழ முடியாமல் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடப்பதும் வீட்டில்தான். இந்த ஓட்டையை அடைக்கத்தான் துணைக் காப்பீடு என்று ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். துணையில் இருந்த ஓட்டையை அடைக்கத் துணைக்குத் துணை என்று இன்னொன்று வந்தது. அதற்கும் மேலே ஒன்று இருப்பதாகக் கேள்வி. அதை வாங்கியவர்கள் யாரும் இப்போது உயிரோடு இல்லாததால் மேல்விவரம் தெரியவில்லை.

டிக்கெட்டம்மாவுக்கு இந்த விவரமெல்லாம் அந்த வருஷம் வரைக்கும் தேவைப்படவில்லை. பஸ் நிலையத்தில் டிக்கெட் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து காலம் தள்ளியவள் அவள். ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. அவள் வீட்டுக்காரருக்கு ‘சேர்மன்’ என்று பெயர். எந்தச் சங்கத்துக்கும் அவர் தலைவர் இல்லை. வீட்டில் இருக்கும் நேரமெல்லாம் நாற்காலியை விட்டு எழுந்திருக்கமாட்டார் என்பதால் மச்சினன் வைத்த பெயர். லிஃப்ட் கம்பெனியில் மெக்கானிக்காக இருந்தவர். வேலை நேரத்தில் ஊரில் உள்ள லிஃப்டையெல்லாம் ஏற்றி இறக்கியவர், வீட்டுக்கு வந்தால் ஒரு தம்ளரைக்கூட ஏற்றி இறக்கமாட்டார். சட்டையைப் பிரித்துப் பிடித்தால் கையை நுழைப்பார். பொத்தான் போட்டுவிட்டால் நெஞ்சை நிமிர்த்துவார். கெட்டவர் இல்லை. யாரும் அவரிடம் வேறு மாதிரி எதிர்பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

ஒருநாள் காலையில் டிக்கெட்டம்மா குளியலறையில் விழுந்தாள். இடுப்பில் சுரீரென்று ஒன்று பிடித்தது. எழுந்திருக்க வரவில்லை. தரையில் கிடந்தபடி “என்னங்க” என்று கூப்பிட்டாள்.

“என்னம்மா?” என்று முன்னறையிலிருந்து பதில் வந்தது.

“விழுந்துட்டேன்.”

“பார்த்து எந்திரி.”

வாளியைப் பிடித்து, சுவரைப் பிடித்து, குழாயைப் பிடித்து அவளே எழுந்தாள். இடுப்பு வலி இரண்டு வாரத்தில் அடங்கிவிட்டது. ஆனால் அந்த ஈரத் தரையில் கிடந்தபோது வந்த ஒரு கேள்வி அடங்கவில்லை. அடுத்த தடவை விழுந்தால் என்னை யார் தூக்குவார்கள்?

வெளியூரில் ஷிப்ட் வேலை பார்க்கும் மகளுக்குப் போன் போட்டு இதையே கேட்டாள்.

“நான் வந்து உக்கார முடியாதும்மா, உனக்கே தெரியும். துணைக் காப்பீடுன்னு ஒண்ணு இருக்காம். வயசான காலத்துல குளிப்பாட்ட, தூக்கிவிட எல்லாத்துக்கும் வீட்டுக்கே ஆள் அனுப்புவாங்களாம். நல்லா இருக்கும்போதே எடுத்துடணுமாம்.”

“நல்லா இருக்கும்போது எதுக்குடி?”

“நல்லா இல்லாதப்போ குடுக்கமாட்டாங்களாம்மா.”

அப்படித்தான் அவள் சேர்மனையும் இழுத்துக்கொண்டு நெடுநிழல் துணைக் காப்பீட்டுக் கழகத்தின் விழிப்புணர்வுக் கூட்டத்துக்குப் போனாள்.

பெரிய கூடம். குளிரூட்டியை எந்த வைராக்கியத்தில் வைத்திருந்தார்களோ, வந்திருந்த கிழடுகள் அத்தனையும் கையைக் கக்கத்தில் செருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தன. சுவர் முழுக்க நரைத்த தலைகளின் படங்கள். ஒரு ஜோடி சைக்கிள் ஓட்டியது. ஒரு ஜோடி மலை ஏறியது. ஒரு தாத்தா அந்தரத்தில் குதித்துக்கொண்டிருந்தார். இவர்களுக்கு எதற்கு ஆள் அனுப்பவேண்டும் என்று டிக்கெட்டம்மா யோசித்துக்கொண்டிருக்கும்போதே மேலாளர் மேடையேறினார். வழவழவென்று சவரம் செய்த முகம். மைக்கைத் தொடுவதற்கு முன்னும் தொட்ட பின்னும் கையில் கிருமி கொல்லும் மருந்தைத் தடவிக்கொண்டார்.

“பெரியோர்களே, முதுமை என்பது ஒரு வரம். வரம் வாங்கியவர்களுக்கு நஷ்டஈடு எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். எங்கள் கழகத்துக்குள்ளேயே பலர் கேட்கிறார்கள். இருந்தாலும் உங்கள் மேல் உள்ள அன்பினால் இந்தத் திட்டத்தை நடத்துகிறோம். உங்கள் பிரீமியம் எங்களிடம் பத்திரமாக இருக்கிறது. இதுநாள்வரை ஒருவருக்கும் அதை எடுத்துக் கொடுத்ததில்லை என்பதே அதற்குச் சாட்சி.”

கைதட்டச் சொன்னார்கள். குளிருக்கு இதமாக இருந்ததால் எல்லோரும் தட்டினார்கள்.

“வெளிநிழல், உள்நிழல், முழுநிழல் என்று மூன்று திட்டங்கள். மூன்றுக்கும் வித்தியாசம் உண்டு. அந்த வித்தியாசத்தை நிர்ணயிக்க ஒரு குழு போட்டிருக்கிறோம். குழு தன் முடிவைச் சொல்லும்வரை நீங்கள் முழுநிழலையே எடுப்பது நல்லது, ஏனென்றால் அதற்குத்தான் பிரீமியம் அதிகம்.”

கூட்டம் முடிந்ததும் ஆளுக்கொரு மேசையில் ஆலோசனை. டிக்கெட்டம்மாவுக்கு வாய்த்த ஆலோசகப் பெண் அன்பாகத்தான் பேசினாள். பேசும்போது மேசைக்குக் கீழே செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு காலால் இன்னொரு காலைத் தேய்த்துக்கொண்டாள்.

“ஆறு வேலைம்மா. குளிக்கிறது, உடுத்திக்கிறது, சாப்பிடறது, கழிவறைக்குப் போறது, படுக்கையில இருந்து எந்திரிக்கிறது, அவசரத்தை அடக்கிக்கிறது. இதுல ரெண்டு உங்களால முடியாமப் போச்சுன்னா நாங்க ஆள் அனுப்புவோம்.”

“ஒண்ணு மட்டும் முடியலைன்னா?”

“இன்னொண்ணுக்குக் காத்திருக்கணும்.”

“சரி, ரெண்டும் போச்சு. உடனே வருவாங்களா?”

“மூணு மாசம் காத்திருப்புக் காலம்மா.”

“அந்த மூணு மாசம் என்னை யாரு குளிப்பாட்டுவா?”

“வீட்ல யாராவது.”

“வீட்ல யாராவது குளிப்பாட்டினாப் போதுமா?”

ஆலோசகப் பெண் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். “குளிப்பாட்ட ஆள் இருக்குன்னா தேவை பூர்த்தியாயிடுச்சுன்னு அர்த்தம்மா. கிளெய்ம் வராது.”

“அப்ப யாரும் குளிப்பாட்டாம மூணு மாசம் கிடக்கணுமா?”

“கிடந்தாலும் சிக்கல்தான். மூணு மாசம் குளிக்காமலே இருந்துட்டீங்கன்னா, குளியல் உங்களுக்கு அவசியம் இல்லைன்னு ஆயிடும்.”

அதுவரை வாயே திறக்காமல் இருந்த சேர்மன் அப்போதுதான் கேட்டார். “இதை யாரும்மா உக்காந்து யோசிச்சது?”

“அதுக்குன்னே மேல ஒரு தளம் இருக்குங்க ஐயா,” என்றாள் அவள், பெருமையா துக்கமா என்று கண்டுபிடிக்க முடியாத குரலில்.

எழுந்து போய்விடலாம் என்றுதான் டிக்கெட்டம்மாவுக்கு இருந்தது. ஆனால் அந்த ஈரத் தரை நினைவுக்கு வந்தது. இதுவும் இல்லையென்றால் வேறு என்ன இருக்கிறது? ரெண்டு பேர் பெயரிலும் முழுநிழலுக்குப் பதிந்துவிட்டு வந்தாள். மறுவாரம் உடல்தகுதிப் பரிசோதனைக்கு வரச் சொன்னார்கள்.

பரிசோதனை மூன்றாவது மாடியில். லிஃப்டில் பூட்டுப் போட்டிருந்தது. ரிப்பேரா என்று சேர்மன் பழக்கதோஷத்தில் கதவைத் தடவிப் பார்த்தார். ரிப்பேர் இல்லையாம். படியேறி வர முடிந்தவர்களுக்குத்தான் பாலிசி, அதனால் லிஃப்ட் கூடாதாம். சரி, கிளெய்ம் கேட்டு வருகிறவர்கள்? அவர்களுக்கும் அதே மூன்றாவது மாடிதான். ஏறி வந்துவிட்டால் நடமாட்டம் இருக்கிறது என்று கிளெய்மைத் தள்ளுபடி செய்துவிடலாம். ஏறி வராவிட்டால் ஆஜராகவில்லை என்று தள்ளுபடி செய்துவிடலாம். அடங்கியிருந்த வலி திரும்ப எழ, டிக்கெட்டம்மா ஒவ்வொரு படியிலும் நின்று, இடுப்பைப் பிடித்த கையை யாராவது பார்க்கிறார்களா என்று பார்த்துப் பார்த்து ஏறினாள்.

மேலே ஒரு நீள வராந்தா. எதிரெதிராக இரண்டு பெஞ்சு வரிசை. ஒரு பக்கம் புதிதாகச் சேர வந்தவர்கள். அவர்கள் குனிந்து நிமிர்ந்து, கையைச் சுழற்றி, கன்னத்தைத் தட்டிச் சிவக்க வைத்துக்கொண்டிருந்தார்கள். எதிர்ப்பக்கம் கிளெய்ம் கேட்க வந்தவர்கள். அவர்கள் அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். மூச்சைக்கூட அளந்து விட்டார்கள்.

எதிர் பெஞ்சில் ஒரு போஸ்ட்மேன். ஓய்வு பெற்று நாளாகியும், கூப்பிட்டால் ஓடத் தயாராக இருப்பவரைப் போலப் பெஞ்சின் நுனியில் உட்கார்ந்திருந்தார். வலது கை மடியில் செத்த மீன் மாதிரி கிடந்தது.

“இது நாலாவது தடவைங்க,” என்று அவராகவே டிக்கெட்டம்மாவிடம் பேச்சுக் கொடுத்தார். “போன தடவை இங்க உக்காந்திருக்கும்போது மூக்கு அரிச்சுது. இடது கையாலதான் சொறிஞ்சேன். கேமராவுல பார்த்துட்டாங்க. மூக்குக்குப் போற கை வாய்க்கும் போகும், சாப்பிட முடியும்னு எழுதிட்டாங்க.”

“இன்னிக்கு அரிச்சா?”

“அரிக்கட்டும்னு உக்காந்திருக்கேன். வீட்டுக்காரியைக் கூட்டிட்டு வந்தா அவ சொறிஞ்சு விடுவா. சொறிய ஆள் இருக்குன்னு அதுக்கும் எழுதுவாங்க.”

டிக்கெட்டம்மா அவர் மூக்கைப் பார்த்தாள். தன்னைப் பற்றித்தான் பேச்சு என்று அதற்குத் தெரிந்துவிட்ட மாதிரி இருந்தது.

அதற்குள் உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள். ஒரு வீடு போலவே அமைத்திருந்த அறை. கட்டில், குளியல் தொட்டி, சாப்பாட்டு மேசை, கழிவறை, ஆணியில் ஒரு சட்டை. எல்லாம் இருந்தும் யாரும் வாழாத வீடு. பரிசோதகர் ஓட்டப்பந்தயத்துக்கு வைத்திருப்பது போன்ற ஒரு கடிகாரத்தோடு நின்றார்.

“கணவன் முதல்ல. ஐயா, அந்தச் சட்டையைப் போடுங்க.”

சேர்மன் அறை நடுவில் போய் நின்றார். இரண்டு கையையும் லேசாகப் பின்னால் நீட்டினார். நின்றார். கடிகாரம் ஓடியது.

“ஐயா, சட்டை.”

“ம்,” என்றார் சேர்மன். கையை இன்னும் கொஞ்சம் நீட்டினார்.

டிக்கெட்டம்மா எழுந்து ஓடிப் போய்ச் சட்டையை எடுக்கப் பார்த்தாள். பரிசோதகர் கையைக் காட்டித் தடுத்துவிட்டார்.

அடுத்து சாப்பாடு. மேசையில் மூடிய பாத்திரம், பக்கத்தில் தட்டு. சேர்மன் உட்கார்ந்து தட்டைப் பார்த்தார். பிறகு மனைவியைப் பார்த்தார். அடுத்து குளியல். தொட்டியருகே போய், தண்ணீரில் ஒரு விரலை வைத்துவிட்டு, “இன்னும் விளாவலையா?” என்றார். கடைசியாகக் கட்டில். படுக்கச் சொன்னார்கள், படுத்தார். எழுந்திருக்கச் சொன்னார்கள். கண்ணை மூடிக்கொண்டே, “ஏம்மா, மணி என்ன?” என்றார்.

பரிசோதகரின் முகத்தில் இத்தனை வருஷ சர்வீஸில் காணாததைக் கண்ட களை வந்துவிட்டது. “நாலு செயல்பாடு இல்லை. முழுச் சார்பு நிலை. எப்ப இருந்தும்மா இப்படி?”

“கல்யாணத்துல இருந்து,” என்றாள் டிக்கெட்டம்மா, யோசிக்காமல்.

அவர் அதை அப்படியே எழுதிக்கொண்டார்.

அடுத்து அவள் முறை. இடுப்பில் ஊசி இறங்கிக்கொண்டிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு தொட்டிக்குள் இறங்கி ஏறினாள். கட்டிலில் படுத்து எழுந்தாள். போகிற போக்கில் சேர்மன் கலைத்த போர்வையை உதறி மடித்து வைத்தாள், தட்டைக் கழுவிக் கவிழ்த்தாள், தரையில் சிந்திய தண்ணீரைத் துடைத்தாள். பரிசோதகர் கடிகாரத்தை நிறுத்த மறந்துவிட்டார்.

தகுதி கிடைத்துவிடும் என்று அவள் நம்பிக்கொண்டிருக்கும்போது மேலாளர் அறைக்குக் கூப்பிட்டார்கள்.

“அம்மா, உங்க உடம்பு பிரமாதம்,” என்றார் மேலாளர், கையில் மருந்தைத் தடவிக்கொண்டே. “ஆனா உங்களுக்கு பாலிசி குடுக்க முடியாது.”

“ஏன் சார்?”

“முழுச் சார்பு நிலையில இருக்கிற ஒரு நோயாளியை நீங்க வருஷக்கணக்கா பராமரிச்சுட்டு வர்றீங்க. அது ஆபத்தான தொழில். இடுப்பு போற தொழில். அந்தத் தொழில்ல இருக்கிறவங்களை நாங்க எடுக்கிறதில்லை.”

“அவரு நோயாளி இல்ல சார். என் வீட்டுக்காரர்.”

“எங்க பரிசோதனையில ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியலை.”

சேர்மன் நாற்காலியில் நிமிர்ந்தார். அவரைத்தான் சொல்கிறார்கள் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

“ஆனா ஒரு நல்ல சேதி,” என்று மேலாளர் முன்னால் சாய்ந்தார். “ஐயா லிஃப்ட் கம்பெனியில இருந்தப்ப சம்பளத்துல பிடிச்ச குழுப் பாலிசி எங்களோடதுதான். இன்னும் உயிரோட இருக்கு. ஐயாவுக்கு கிளெய்ம் குடுக்கப் போறோம். எங்க கழகத்தோட முதல் கிளெய்ம். காத்திருப்புக் காலத்தைக் கல்யாண நாள்ல இருந்தே எண்ணிட்டோம்.”

“வீட்ல ஆள் இருந்தா குடுக்கமாட்டோம்னு அந்தப் பொண்ணு சொன்னாளே?”

“விதி அதுதாம்மா. ஆனா மேலிடத்துல கேக்கிறாங்க, ஒரு கிளெய்மாவது குடுத்திருக்கீங்களான்னு. நாங்களும் ஆளைத் தேடிட்டே இருக்கோம். வர்றவங்க எல்லாம் நிஜமாவே முடியாதவங்க. அவங்களுக்குக் குடுத்தா செலவு நிக்காது, அவங்களும் நிலைக்கமாட்டாங்க. ஐயா மாதிரி நோய் இல்லாத நோயாளி கிடைக்கிறது ரொம்ப அபூர்வம்.” உண்மையிலேயே நெகிழ்ந்துபோய்ச் சொன்னார்.

அடுத்த திங்கட்கிழமை வீட்டுக்குப் பராமரிப்பாளர் வந்துவிட்டார். நடுவயதுக்காரர், நீலச் சீருடை, கையுறை, கழுத்தில் தொங்கும் ஒரு கருவி. சேர்மனுக்குத் தண்ணீர் விளாவினார். சட்டையைப் பிரித்துப் பிடித்தார். ஒவ்வொன்றையும் கருவியில் தட்டிக் கழகத்துக்கு அனுப்பினார். முதல் நாள் டிக்கெட்டம்மாவுக்கு ஏதோ ஜென்மச் சுமையை இறக்கி வைத்த மாதிரி இருந்தது. இரண்டாவது நாள்தான் சங்கதி புரிந்தது. பராமரிப்பாளருக்கு மூன்று வேளைச் சாப்பாடு வீட்டார் பொறுப்பு. சீருடையைத் துவைத்துப் போடுவதும் வீட்டார் பொறுப்பு. ஒருவருக்கு ஊழியம் செய்தவள் இப்போது இருவருக்குச் செய்தாள்.

ஒருநாள் மேல் பரணிலிருந்து ஒரு டப்பாவை எடுத்துத் தரச் சொன்னாள்.

“என்னால முடியாதும்மா. நீங்க பாலிசியில இல்ல.”

“டப்பாதாங்க. நான் இல்ல.”

“டப்பா ஐயாவுக்கா?”

“ரெண்டு பேருக்கும்.”

அவர் சங்கடத்தோடு யோசித்தார். “ஐயாவோட பாதியை மட்டும் எடுக்க வராதே. தப்பா நினைக்காதீங்க. எனக்கும் ரெண்டு புள்ளைங்க இருக்கு. இது போச்சுன்னா வேற வேலை இல்ல.”

அவரைக் கோபித்துக்கொள்ளவும் முடியவில்லை. சேர்மனோ ஆளே மாறிப்போனார். வேறொருவர் கை பட்டுச் சட்டை போடுகிற கூச்சமோ என்னவோ, காலையில் பராமரிப்பாளர் வருவதற்கு முன் ரகசியமாகத் தானே பொத்தானைப் போட்டுப் பழகினார். மேலும் கீழுமாகத்தான் வந்தது. டிக்கெட்டம்மா பார்த்துவிட்டு அவசரமாக அவிழ்த்துவிட்டாள்.

“வேணாங்க. உங்களுக்கு வருதுன்னு தெரிஞ்சா அவரை நிறுத்திடுவாங்க. இப்போதைக்கு இந்த வீட்ல தூக்கத் தெரிஞ்சவர்னு அவர் ஒருத்தர்தான் இருக்கார்.”

“அவன் உன்னைத் தூக்கமாட்டானேம்மா.”

“நாளைக்கு உங்களுக்கு ஒண்ணுன்னா என்னால தூக்க முடியாதுல்ல. உங்களுக்காவது இருக்கட்டும்.”

அன்றிலிருந்து சேர்மன் நாற்காலியில் உட்கார்ந்தபடி அவள் நடப்பதையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் இடது காலைச் சாய்த்து வைப்பதை அப்போதுதான் கவனித்தார் போல. எப்போதிலிருந்து என்று கேட்டார். ரொம்ப நாளா என்றாள்.

பராமரிப்பாளர் வந்த இரண்டாவது வாரக் கடைசியில், துவைத்த சீருடைகளை வாளியோடு தூக்கிக்கொண்டு வந்தவள் சமையலறை வாசலில் விழுந்தாள். இந்தத் தடவை இடுப்பில் ஏதோ முறிகிற சத்தம் அவளுக்கே கேட்டது. பராமரிப்பாளர் ஓடி வந்தார். ஓடி வந்தவர் அவளுக்கு ஒரு முழம் தள்ளி, கோடு கிழித்த மாதிரி நின்றுவிட்டார். கையுறை போட்ட இரண்டு கையும் முன்னால் நீண்டு, அந்தரத்தில் அப்படியே இருந்தன.

“ஆம்புலன்சுக்குச் சொல்லிட்டேம்மா. தொடக்கூடாதும்மா. தொட்டு ஏதாவது ஆச்சுன்னா என் தலையில விழும்.”

நாற்காலி கிறீச்சிட்டது. டிக்கெட்டம்மாவுக்கு அந்த வலியிலும் அது கேட்டது.

“எந்திரிக்காதீங்க,” என்றாள். “அவரு பார்த்துட்டு இருக்கார். எந்திரிச்சீங்கன்னா எல்லாம் போயிடும். உக்காருங்க.”

சேர்மன் எழுந்துவிட்டார். நடந்து வந்து அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். சிதறிக் கிடந்த நீலச் சீருடைகளில் ஒன்றைச் சுருட்டி அவள் தலைக்குக் கீழே வைத்தார். ஈரமாக இருந்த தரையிலிருந்து அவளைத் தன் மடிமேல் இழுத்துக்கொண்டார். இழுத்தது சரியான முறையில் இல்லை. அவளுக்கு உயிர் போய் வந்தது. ஆனாலும் ஏன் இழுத்தீர்கள் என்று அவள் கேட்கவில்லை.

“சொன்னா கேக்கமாட்டீங்களா?” என்று மட்டும் சொன்னாள்.

“சும்மா இரும்மா.”

பராமரிப்பாளரின் கழுத்தில் தொங்கிய கருவி கிணுகிணுத்தது. மணிக்கொரு தடவை நோயாளியின் நிலையை அதில் பதியவேண்டும். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு பதிந்தார்: எழுந்தார். நடந்தார். தூக்கினார்.

ஆஸ்பத்திரியில் டிக்கெட்டம்மாவுக்கு எலும்பைச் சேர்த்துக் கம்பி வைத்தார்கள். கட்டிலில் இருக்கும்வரை பழைய காப்பீடு ராணி மாதிரி பார்த்துக்கொண்டது. பிறகு சக்கர நாற்காலியில் வைத்து வாசல்வரை தள்ளிவந்து, கும்பிடு போட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டது.

வீட்டுக்கு வந்த அன்றைக்கே மேலாளர் போன் செய்தார். மனைவி எப்படி இருக்கிறாள் என்று கேட்கப் போகிறார் என்றுதான் சேர்மன் நினைத்தார்.

“வாழ்த்துகள் ஐயா. ரெண்டே வாரத்துல குணமாயிட்டீங்க. எங்க பராமரிப்போட மகிமை. பராமரிப்பாளரை வாபஸ் வாங்கிட்டோம். வர்ற சனிக்கிழமை கூட்டத்துல நீங்க மேடையில நடந்து காட்டணும்.”

“என் சம்சாரம் படுத்திருக்கா சார். அவளைப் பார்த்துக்க ஆள் வேணும்.”

“வாங்க ஐயா, நேர்ல பேசலாம். அவங்க விண்ணப்பத்தை மறுபடி எடுத்துப் பார்க்கிறேன். இப்ப அவங்க யாரையும் பராமரிக்கலை இல்லையா? அந்தத் தடை நீங்கிடுச்சு.”

அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் போனார்கள். கூடத்து வாசலில் உயரமான ஆறு படி, சரிவுப் பாதை கிடையாது. சிறப்பு விருந்தினரின் மனைவி என்பதால் இரண்டு காவலாளிகள் ஓடி வந்து சக்கர நாற்காலியோடு அவளை அலாக்காகத் தூக்கி உள்ளே வைத்தார்கள். கடைசி வரிசையில், குளிரூட்டிக்கு நேர் கீழே இடம் கொடுத்தார்கள்.

மேலாளர் மைக்கில் முழங்கினார். “கல்யாண நாளிலிருந்து கைகால் செயலிழந்து கிடந்த ஒரு மனிதர். நம் பராமரிப்பாளரின் கண் எதிரே எழுந்தார். நம் பராமரிப்பாளர் ஒரு விரலால்கூட உதவவில்லை. அவ்வளவு நம்பிக்கை நமக்கு நம் வாடிக்கையாளர்கள்மேல்.”

சேர்மன் மேடையில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்தார். கைதட்டல். மைக்கைக் கையில் கொடுத்தார்கள்.

“என் சம்சாரம் கீழ கிடந்தா,” என்றார் சேர்மன். “இவங்க ஆளு பக்கத்துல நின்னாரு. தொடலை. தொடக்கூடாதாம். அதான் நான் எந்திரிச்சேன். முன்னாடியே எந்திரிச்சிருக்கணும்.”

மேலாளர் மைக்கை வாங்கிக்கொண்டார். “கேட்டீர்களா? உதவி இல்லாத இடத்தில்தான் மனிதன் எழுந்து நிற்கிறான். இதைத்தான் நாங்கள் ஒரு சேவையாக வழங்குகிறோம்.”

மறுபடி கைதட்டல்.

கூட்டம் கலையும்போது சேர்மன் மேலாளரைப் பிடித்தார். மேலாளர் சக்கர நாற்காலிப் பக்கம் குனிந்து டிக்கெட்டம்மாவைப் பார்த்துச் சிரித்தார்.

“உங்க விண்ணப்பத்துக்கு ஒரு தடையும் இல்லம்மா. செவ்வாய்க்கிழமை பரிசோதனைக்கு வந்துடுங்க. மூணாவது மாடி.”

“அவளால எப்படிங்க ஏற முடியும்?” என்றார் சேர்மன். “நான் தூக்கிட்டு வர்றேன்.”

“தூக்கிட்டு வந்தா தகுதி இல்லைங்களே.”

டிக்கெட்டம்மா மேலாளரின் வழவழ முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். அடுத்த தடவை விழுந்தால் யார் தூக்குவார்கள் என்று கேட்டுக்கொண்டு இந்தக் கட்டடத்துக்கு வந்தவள், அதற்கு இங்கே பதில் சொல்லக்கூடிய ஆள் ஒருவரும் இல்லை என்பதை இவ்வளவு மெதுவாகவா புரிந்துகொண்டோம் என்று தன்மேலேயே எரிச்சல் பட்டாள்.

“என்னங்க, வண்டியைத் திருப்புங்க,” என்றாள்.

வாசலில் அதே ஆறு படி. காவலாளிகள் இரண்டு பேரும் பழக்கத்தில் நாற்காலியைப் பிடிக்கக் குனிந்தார்கள். பின்னாலிருந்து மேலாளரின் குரல் வந்தது.

“விடுங்கப்பா. நிகழ்ச்சி முடிஞ்சுது. அவங்க நம்ம பாலிசிதாரர் இல்ல.”

காவலாளிகள் கையை எடுத்துவிட்டு நிமிர்ந்து, தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். சேர்மன் ஒருவரால் ஆகிற காரியம் இல்லை. முன்சக்கரத்தைப் பிடித்துப் பார்த்தார், பின்னால் வந்து பிடித்துப் பார்த்தார். கூடத்திலிருந்து வெளியே வந்த கூட்டம் படியில் தேங்கியது. அதில் கிளெய்ம் பெஞ்சில் அசையாமல் உட்கார்ந்திருந்த முகங்கள் நாலைந்து இருந்தன. அந்த போஸ்ட்மேனும் இருந்தார். அவர்தான் முதலில் முன்னால் வந்தார். செத்துக் கிடந்த வலது கையை இடது கையால் எடுத்து நாற்காலிக் கம்பியில் மாட்டிக்கொண்டு, தோளைக் கொடுத்தார். அதைப் பார்த்து முட்டி மடங்காத ஒருவர் பக்கவாட்டில் வந்தார். கழுத்துப்பட்டை போட்ட ஓர் அம்மா மறுபக்கம் பிடித்தாள்.

மேலாளர் மேல்படியில் நின்று, மேடையில் மாலை போட்டுக்கொள்ள வந்திருந்த பராமரிப்பாளரிடம் சொன்னார். “யார் யார் தூக்குறாங்கன்னு குறிச்சுக்கோப்பா. எல்லாம் நிலுவையில இருக்கிற கிளெய்ம்.”

பராமரிப்பாளர் கருவியைக் கையில் எடுத்தார். தலையைக் குனிந்துகொண்டு தட்டினார்.

டிக்கெட்டம்மாவுக்கு அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருக்கும்போது மனசு கேட்கவில்லை. “அண்ணே, விட்டுடுங்க. எழுதுறாங்க. உங்க கிளெய்ம் போயிடும்.”

போஸ்ட்மேனுக்கு மூச்சு வாங்கியது. ஒரு படி இறங்கி, காலை ஊன்றிக்கொண்டு, பிறகுதான் பதில் சொன்னார்.

“அது எப்பம்மா வந்துச்சு, போறதுக்கு? நீ கம்பியைக் கெட்டியாப் பிடி.”